பழைய டீசல் ஜீப் வாங்குவோர்க்கு: எஞ்சினைக் கடைசியில் பாருங்கள்

பழைய டீசல் ஜீப் ஒன்றைப் பார்க்கப் போகும் எவரும் முதலில் பானட்டைத் திறந்து எஞ்சினை இயக்கச் சொல்கிறார். இது விற்பவருக்கும் தெரியும். எனவே எஞ்சின் கழுவித் துடைக்கப்பட்டு, காலையிலேயே ஒருமுறை ஓடிச் சூடேறி, ஒரே செல்ஃபில் கிளம்பும் நிலையில் காத்திருக்கும். மலைப்பாதைக்கும் மணலுக்கும் வண்டி தேடுபவர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. முதலில் ஆவணங்கள், அடுத்து சேசிஸ் எனும் அடிச்சட்டம், அதன்பின் நான்கு சக்கரங்களுக்கும் விசையைக் கொண்டு செல்லும் உறுப்புகள், அதற்கும் பிறகுதான் எஞ்சின். பெயின்டையும் சீட்டையும் பார்க்காமல் விட்டாலும் குற்றமில்லை. தேய்ந்த டீசல் எஞ்சினை எந்த மாவட்டத் தலைநகரிலும் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டனும் பேரிங்கும் மாற்றிப் புதிதாக்கிவிடலாம். அதற்கு ஆகும் செலவையும் மெக்கானிக் ஏறக்குறைய முன்கூட்டியே சொல்லிவிடுவார். விரிசல் விட்ட சேசிஸும், வெவ்வேறு வண்டிகளிலிருந்து கழற்றி மாட்டப்பட்ட ஆக்சில்களும் (சக்கர அச்சுகளும்), எண் ஒத்துப்போகாத ஆர்.சி. புத்தகமும் அப்படி அல்ல. அவற்றில் முதல் இரண்டுக்கும் ஆகும் செலவுக்கு எல்லை இல்லை. மூன்றாவதற்குப் பல நேரங்களில் தீர்வே இல்லை.

பாதை முதலில், வண்டி பிறகு

சாலை இல்லாத இடங்கள் எல்லாம் ஒரே தன்மை உடையவை அல்ல. தேனி, வால்பாறை, குன்னூர்ப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் உருண்டைக் கற்களும், குறுகிய வளைவுகளும், மழைக்குப் பின் வழுக்கும் மண்ணும் காத்திருக்கும். அங்கே தேவைப்படுவது அகலம் குறைந்த உடலும், சிறிய இடத்தில் திரும்பும் வசதியும், நடக்கும் வேகத்தில் ஊர்ந்து ஏற இடம்கொடுக்கும் தாழ்ந்த கியர் விகிதமும்தான். குதிரைத்திறன் அங்கே இரண்டாம்பட்சம். தூத்துக்குடி மாவட்டத்தின் தேரி எனும் செம்மணல் மேடுகளிலும் கடற்கரையிலும் நிலைமை மாறிவிடுகிறது. மணல் சக்கரத்தை இடைவிடாமல் பிடித்து இழுப்பதால், வேகம் குறையாமல் தள்ளிச் செல்லும் வலு எஞ்சினுக்கு வேண்டும். வண்டியின் எடையும் குறைவாக இருக்க வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ குடியிருந்து, விடுமுறை நாள்களில் முந்நூறு கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடி மலையடிவாரத்தை அடைபவருக்கோ, வண்டியின் வாழ்நாளில் பெரும்பகுதி தார்ச்சாலையிலேயே கழியும். அறுபது குதிரைத்திறன் ஜீப்பில் அந்த முந்நூறு கிலோமீட்டரைக் கடந்து முடிக்கும்போது, மலையேறும் ஆசையே சிலருக்குத் தீர்ந்துவிடுகிறது.

சக்கர இடைத்தூரம் என்னும் அளவைப் பலரும் கவனிப்பதில்லை. அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப் வழிவந்த சிறிய ஜீப்பில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 80 அங்குலம், அதாவது 2,032 மி.மீ. மட்டுமே உண்டு. மகிந்திராவின் ‘தார்’ ஜீப்பின் முதல் தலைமுறையில் அது 2,430 மி.மீ.; டாடா சஃபாரியில் 2,650 மி.மீ. இடைத்தூரம் கூடக் கூட, மேட்டின் உச்சியில் வண்டியின் வயிறு தட்டி நான்கு சக்கரங்களும் பிடிமானம் இழக்கும் வாய்ப்பு கூடுகிறது. மறுபுறம், செங்குத்தான ஏற்றத்திலும் வேகமான நெடுஞ்சாலையிலும் நீளமான வண்டியே நிதானமாக நிற்கும். முன்பக்கம் எவ்வளவு செங்குத்தான மேட்டில் முட்டாமல் ஏறலாம் என்பதையும் பார்க்க வேண்டும்: முதல் தலைமுறை தாருக்கு அது 44 பாகை, ஆனால் இறங்கும்போது பின்பக்கம் இடிக்காமல் இருக்க அனுமதிக்கும் கோணம் 27 பாகைதான். கடையில் வாங்கிப் பொருத்திய கனமான இரும்பு பம்பர் இந்தக் கோணங்களைக் கெடுத்துவிடும். அதை அழகென்று காட்டி விலையைக் கூட்டுபவரிடம், கழற்ற ஆகும் செலவைக் குறைத்துக் கேட்பதே சரி.

சந்தையில் கிடைப்பவை

இந்தியாவில் பழைய டீசல் நான்கு சக்கர இயக்க வண்டி என்றால் பேச்சு மகிந்திராவிலிருந்துதான் தொடங்கும். 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளைக் கொண்டு வண்டித் தயாரிப்பைத் தொடங்கிய அந்த நிறுவனம், 1980களில் பியூஜோ வடிவமைப்பில் அமைந்த 2,112 சி.சி. எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சினை ஜீப்புகளில் பொருத்தியது. எம்.எம். 540 என்ற பெயரில் இன்றும் தோட்டங்களில் உழைக்கும் ஜீப் அந்த வழியில் வந்தது. பின்னர் வந்த 2,523 சி.சி. எம்.டி.ஐ. எஞ்சின் ஜீப்புகளிலும் கமாண்டரிலும் பொலேரோவிலும் இடம்பிடித்தது. இவற்றில் கணினி இல்லை. டீசல் பம்பும், டீசலைத் தெளிக்கும் நாசில்களும் ஒழுங்காக இருந்தால் எஞ்சின் ஓடும். மலைக்கிராமத்து மெக்கானிக் தன் கைப்பெட்டியோடு வந்து பழுதைத் தீர்த்துவிடுவார் என்பதே இவற்றின் உண்மையான மதிப்பு.

2010 அக்டோபரில் வந்த தார் இரண்டு வகை எஞ்சின்களுடன் விற்கப்பட்டது. ஒன்று 2,523 சி.சி. டி.ஐ. எஞ்சின், 63 குதிரைத்திறன். மற்றொன்று கணினிக் கட்டுப்பாட்டில் டீசலைச் செலுத்தும் 2,498 சி.சி. சி.ஆர்.டி.ஈ. எஞ்சின், 105 குதிரைத்திறன். இரண்டாம் வகையில் முன்பக்கம் டார்ஷன் பார் என்னும் முறுக்குத்தண்டுடன் கூடிய தனித்தனி சஸ்பென்ஷன் இருப்பதால் தார்ச்சாலையில் பழைய ஜீப்பைப் போல உலுக்கி எடுக்காது. 2015-இல் வந்த மாற்றத்தில் பின் டிஃபரன்ஷியலுக்கு, அதாவது இரு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் கியர்த்தொகுதிக்கு, தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக்கிங் அமைப்பு சேர்ந்தது. நெடுஞ்சாலையும் மலையும் கலந்த பயன்பாட்டிற்கு 2015-க்குப் பிந்தைய சி.ஆர்.டி.ஈ. தாரே முதலில் தேட வேண்டியது என்பேன்.

நீண்ட பயணமும் குடும்பமும் முக்கியமென்றால் டாடா சஃபாரியின் நான்கு சக்கர இயக்க வகை உண்டு. 1998-இல் 1,948 சி.சி. டர்போ டீசலுடன் வந்த இதற்கு, பிறகு 3.0 லிட்டர், 2.2 லிட்டர் டைகார் எஞ்சின்கள் அமைந்தன. பழைய 1,948 சி.சி. வகை கனத்த உடலுக்குப் போதாது, 2.2 லிட்டர் வகையைத் தேடுவது நல்லது. ஃபோர்ஸ் கூர்க்கா முன், பின் என இரண்டு டிஃபரன்ஷியல்களையும் கையால் பூட்டும் வசதியுடன் வந்ததால், கடும் பாதைகளில் அதற்கு இணை குறைவு. சாலையில் அது கொடுக்கும் சுகமும் அதே அளவுக்குக் குறைவு. மிட்சுபிஷி பஜேரோ எஸ்.எஃப்.எக்ஸ். 2,835 சி.சி. எஞ்சினுடன் நம் திருவள்ளூர் ஆலையில் உருவானது. தார்ச்சாலையிலும் நான்கு சக்கர இயக்கத்தைப் பயன்படுத்த இடம்கொடுக்கும் அருமையான அமைப்பு அதில் உண்டு. ஆனால் உதிரிப்பாகங்களுக்கு அலைய வேண்டும். ஃபோர்டு எண்டெவரைப் பார்ப்பவரும், அந்த நிறுவனம் 2021-இல் இந்தியச் சந்தைக்கான உற்பத்தியை நிறுத்தியதைக் கணக்கில் கொள்ள வேண்டும். டொயோட்டா ஃபார்ச்சூனரின் 3.0 லிட்டர் முதல் தலைமுறை வண்டி நிரந்தர நான்கு சக்கர இயக்கம் கொண்டது. நன்றாக உழைக்கும், ஆனால் பழையதற்கும் விலை இறங்குவதில்லை.

டீசல் என்று சொல்லி விற்கப்படும் இரண்டு வண்டிகளை விட்டு விலகுவது நல்லது. மாருதி ஜிப்ஸி ஆலையிலிருந்து பெட்ரோல் எஞ்சினோடு மட்டுமே வந்தது. ஜபல்பூரில் ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட ஜோங்காவும் பெரும்பாலும் பெட்ரோல் வண்டியே. இவற்றில் டீசல் எஞ்சின் இருந்தால் அது பெரும்பாலும் பிற்காலத்தில் பட்டறையில் ஏற்றப்பட்டதாக இருக்கும். அந்த மாற்றம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா என்பதே முதற்கேள்வி.

ஆவணங்கள்: வண்டியைப் பார்க்கும் முன்பே

வண்டி எண்ணைக் கேட்டு வாங்கி, பரிவாகன் இணையதளத்தில் பதிவு நாள், எரிபொருள், காப்பீட்டு நிலை, கடன் நிலை ஆகியவற்றை வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். அதில் பெட்ரோல் என்றிருந்து, வண்டி டீசலில் ஓடினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நேரில் போகும்போது சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். சேசிஸ் எண் பொறிக்கப்பட்ட இடத்தில் வெல்டிங் தழும்போ, சுற்றிலும் இல்லாத புதுப் பெயின்டோ, ஒரே வரிசையில் நிற்காத எழுத்துகளோ தென்பட்டால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிட வேண்டும். பஞ்சாப்-ஹரியானா எல்லையிலுள்ள மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் பழைய பாகங்களைக் கொண்டு ஜீப்புகளை முழுமையாக உருவாக்கும் பட்டறைகள் உண்டு. பார்வைக்கு மிக அழகான அவ்வகை ஜீப்புகள் தென்னிந்தியாவுக்கும் வருகின்றன. வேலைப்பாடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அந்தப் புத்தகம் எந்த வண்டிக்கு உரியது என்ற கேள்விக்கு விடை இல்லாவிட்டால் அது வண்டியே அல்ல.

டெல்லியிலிருந்து மலிவாக வரும் வண்டிகளுக்கு ஒரு பின்னணி உண்டு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தலைநகர் வட்டாரத்தில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை உறுதி செய்தது. அங்கே விலை சரிந்த நல்ல வண்டிகள் பல வெளிமாநிலங்களுக்கு விற்பனையாகின. அவற்றை வாங்குவதில் தவறில்லை. ஆனால் பதிவு செய்த அலுவலகத்தின் தடையின்மைச் சான்று, அதாவது படிவம் 28, கையில் இல்லாமல் பணம் கொடுக்கக் கூடாது. அந்த வயதுடைய வண்டிக்கு இங்கே மறுபதிவு தருவார்களா, ஆயுள் வரி எவ்வளவு வரும் என்பதைத் தம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும் வேண்டும். வரியைச் சேர்த்துப் பார்க்கும்போது மலிவு மறைந்துபோவது உண்டு.

சொந்தப் பயன்பாட்டு வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கப்பட்டது. இதனோடு பசுமை வரியும் உண்டு. எனவே பதினான்கு ஆண்டு வண்டியை வாங்குபவர், அடுத்த ஆண்டே தகுதிச் சோதனையில் தேறும் நிலையில் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தகுதிச் சான்றான எஃப்.சி. எடுத்துக் கொடுத்து விற்கச் சொல்வதே சிறந்தது. அதைச் செய்ய மறுப்பவரின் வண்டியில் ஏதோ ஒன்று இருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவில் உள்ள அமைப்பை அனுமதியின்றி மாற்றக் கூடாது. உற்பத்தியாளரின் அடிப்படை வடிவமைப்பிலிருந்து விலகும் மாற்றத்தை அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆகவே பெரிய டயர், உயர்த்திய சஸ்பென்ஷன், வேறு எஞ்சின் எல்லாம் வாங்குபவரின் தலையில் விழும் பொறுப்புகளே. விபத்தின்போது காப்பீட்டு நிறுவனமும் அவற்றைச் சுட்டிக்காட்டும். மலைச்சுற்றுலாவுக்கு ஓடிய மஞ்சள் பலகை ஜீப் என்றால், அதைச் சொந்தப் பயன்பாட்டுக்கு மாற்றித் தரும் வேலையை விற்பவரிடமே விட்டுவிட வேண்டும்.

சேசிஸ்

இங்கே ஒரு டார்ச்சும், சிறிய சுத்தியலும், பழைய துணியில் படுத்துக்கொள்ளும் மனமும் போதும். இரு நீள இரும்புச் சட்டங்களையும் முன்னிருந்து பின்வரை சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துரு தின்ற இடம் மழுங்கிய ஓசை தரும். பட்டை ஸ்பிரிங்குகள் தொங்கும் ஷேக்கிள் இணைப்புகள், பின் ஆக்சிலுக்கு மேல் சட்டம் வளையும் இடம், ஸ்டியரிங் பெட்டி பொருத்தப்பட்ட பகுதி ஆகிய மூன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் பெட்டியைச் சுற்றிலும் மயிரிழை விரிசல் விடுவது கரடுமுரடான பாதையில் உழைத்த ஜீப்புகளுக்கு உரிய பழுது. எஞ்சின் ஓட, நின்ற இடத்திலேயே இருக்கும் வண்டியின் ஸ்டியரிங்கை ஒருவர் இடமும் வலமும் அசைக்க, மற்றொருவர் கீழிருந்து பார்த்தால் பெட்டியோடு சட்டமும் நெளிவது தெரியும். அடிப்பகுதி முழுவதும் நேற்று அடித்தது போன்ற கருப்புப் பூச்சு இருந்தால், அது பாதுகாப்புக்காக அடித்ததா, மறைப்பதற்காக அடித்ததா என்பதைச் சுத்தியலே சொல்லிவிடும்.

கடலோர ஊர்களில் வாழ்ந்த வண்டியையும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியையும் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும், 2018 கேரள வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் நனைந்த வண்டிகள் கைமாறிச் சந்தைக்கு வரக்கூடும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பார்த்தால் சேற்றுக்கறையின் எல்லைக்கோடு தெரியும். சீட்டுக்கு அடியிலுள்ள போல்ட்டுகள் துருவேறி, டேஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள வயர் இணைப்புகள் பச்சை பூத்திருந்தால், கணினி உள்ள சி.ஆர்.டி.ஈ. வண்டியை வாங்க நினைப்பதே வீண்.

நான்கு சக்கர இயக்கம்: ஓட்டிப் பார்த்தாலன்றித் தெரியாது

ஜீப் வடிவத்தில் இருப்பதெல்லாம் நான்கு சக்கர இயக்க வண்டி அல்ல. பொலேரோவிலும் தாரிலும்கூட இரண்டு சக்கர இயக்க வகைகள் விற்பனையாகியுள்ளன. முன் ஆக்சிலில் டிஃபரன்ஷியல் உருண்டை உள்ளதா, முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்னோக்கிச் செல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது ஒரு நிமிட வேலை. டீசல் மிச்சமாகும் என்று எண்ணி அந்த ஷாஃப்டைக் கழற்றி வீட்டில் வைத்திருப்பவர்களும், பின்னர் அதை எடைக்குப் போட்டுவிட்டவர்களும் உண்டு.

பழைய ஜீப், தார், சஃபாரி ஆகியவற்றில் உள்ளது பகுதிநேர நான்கு சக்கர இயக்கம். ஃபோர் ஹையில், அதாவது நான்கு சக்கர இயக்கத்தின் வழக்கமான கியர் நிலையில், போட்டதும் முன், பின் ஷாஃப்டுகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துவிடும். திருப்பத்தில் முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருப்பதால், அந்த வேறுபாட்டை எங்காவது ஒரு டயர் வழுக்கித்தான் தீர்க்க வேண்டும். காய்ந்த தார்ச்சாலையில் டயர் வழுக்காது. அந்த இறுக்கம் முழுவதும் கியர்களிலும், ஷாஃப்டின் மூட்டுகளான கிராஸ்களிலும் ஏறும். எனவே சோதனை ஓட்டத்தைச் சரளையிலோ மண் மைதானத்திலோதான் வைத்துக்கொள்ள வேண்டும். தார்ச்சாலையிலேயே ஃபோர் வீல் போட்டுக் காட்டும் உரிமையாளரிடம் அந்த வண்டி எப்படி வாழ்ந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மண்தரையில் ஃபோர் ஹை போட்டு, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல நகர்த்தினால், முன்பக்கம் முரண்டு பிடித்து டயர்கள் மண்ணைச் சுரண்டுவது உணரப்பட வேண்டும். இரண்டு சக்கர இயக்கத்தில் திரும்புவதுபோலவே எளிதாகத் திரும்பினால் முன் ஆக்சிலுக்கு விசை போகவில்லை. முன் சக்கரத்தை ஆக்சிலோடு இணைக்கும் ஹப் பூட்டு பிடிக்காமலிருக்கலாம், சஃபாரி போன்றவற்றில் பொத்தானை அழுத்தியதும் கியரைத் தள்ளும் மின்மோட்டார் பயன்படுத்தாமலே கிடந்து இறுகியிருக்கலாம். அடுத்து தாழ்ந்த கியர் விகிதமான ஃபோர் லோ போட்டு, முதல் கியரில் ஒரு சரிவில் இறங்கி, ஆக்சிலரேட்டரிலிருந்தும் பிரேக்கிலிருந்தும் காலை எடுத்துவிட வேண்டும். நல்ல வண்டி எஞ்சின் பிடியிலேயே நடைவேகத்தில் இறங்கும். தேய்ந்த டிரான்ஸ்ஃபர் கேஸில் இந்த நேரத்தில்தான் லீவர் தானாக நியூட்ரலுக்குத் தாவும். செங்குத்தான மலைச்சரிவில் அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்தச் சோதனையை மென்மையான சரிவில், பிரேக் நன்றாகப் பிடிக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே செய்ய வேண்டும்.

பல வண்டிகளிலிருந்து சேர்த்த ஜீப்புகளில் மிக மோசமான பழுது, முன், பின் ஆக்சில்களுக்குள் உள்ள பற்சக்கர ஜோடிகளான கிரவுன்-பினியன்கள் வெவ்வேறு விகிதங்களில் இருப்பதுதான். இரண்டு சக்கர இயக்கத்தில் ஓட்டும்வரை எதுவும் தெரியாது. ஃபோர் வீல் போட்டு ஓட்டிய கொஞ்ச தூரத்திலேயே டிரான்ஸ்ஃபர் கேஸ் சூடேறிக் கத்தும். இதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். சமதரையில் மற்ற சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, கியரையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் நியூட்ரலில் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினால், ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே அந்த ஆக்சிலின் விகிதம். ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது டிஃபரன்ஷியல் பாதி வேகத்தையே கிரவுனுக்குக் கொடுக்கும் என்பதால்தான் இரண்டு சுற்று. முன் ஆக்சிலில் ஹப் பூட்டுகளைப் பூட்டிவிட்டு இதையே செய்ய வேண்டும். இரண்டு எண்களும் ஒத்துப்போகாவிட்டால் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. தானாகப் பூட்டும் டிஃபரன்ஷியல் உள்ள வண்டியிலும் மெல்லச் சுற்றினால் கணக்கு மாறாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், ஷாஃப்டின் மேல் இருக்கும். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கியதும், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் டிஃபரன்ஷியல் வழியே தரையிலுள்ள சக்கரம் உருளும். கட்டை கொடுக்காமல் அப்படிப்பட்ட வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது.

வண்டி தூக்கியிருக்கும்போதே முன் சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னோ வீல் பேரிங்கோ தேய்ந்திருப்பது தெரியும். இடமும் வலமும் ஆட்டினால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனைகளின் தேய்மானம் தெரியும். பழைய ஜீப்பின் முன் ஆக்சில் முனைகளில் உள்ள உருண்டை உறையிலிருந்து கிரீஸ் வழிந்திருந்தால் அந்த சீல் போய்விட்டது. தண்ணீரும் சேறும் உள்ளே புகுந்திருக்கும். ஷாஃப்டைக் கையால் முறுக்கும்போது கிராஸில் டக்கென்று ஓசை வந்தால் அது சிறு செலவு. டிஃபரன்ஷியலுக்குள்ளேயே நெடுந்தூரம் ஆடினால் அது பெரிய செலவு.

எஞ்சின்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்ப வேண்டும் என்பதே இதில் முதல் விதி. சொல்லி வைத்த நேரத்துக்கு அரை மணி முன்பே போய், பானட்டின் மேல் கை வைத்துப் பார்ப்பது முறைகேடு ஆகாது. எக்ஸ்.டி.பி. எஞ்சினுக்கு ஹீட்டர் பிளக் சூடேற நேரம் கொடுக்க வேண்டும், எம்.டி.ஐ. வகைக்கு அந்தத் தேவை இல்லை. கிளம்பியதும் சிறிது வெண்புகை வந்து மறைந்தால் கவலையில்லை. சூடான பின்னும் வெண்புகை நின்றால், நாசில் சரியில்லை அல்லது கம்ப்ரஷன் குறைவு. அது இனிப்பு வாடையோடு வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். ஏற்றத்தில் கரும்புகை என்றால் பம்பில் டீசல் கூட்டி வைத்திருக்கிறார்கள், அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. இது எளிதில் தீரும்.

எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி அதன்மேலேயே வைத்தால், நல்ல எஞ்சினில் மூடி லேசாக நடுங்கும். புகையோடு அது துள்ளி விழுந்தால், நம் மெக்கானிக்குகள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது அதுதான். ரிங்குகளும் சிலிண்டரும் தேய்ந்துவிட்டன. இதற்காக வண்டியை வேண்டாமென்று சொல்லத் தேவையில்லை. எஞ்சின் வேலைக்கான தொகையை விலையில் கழித்துக் கேட்க இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

சி.ஆர்.டி.ஈ. எஞ்சின் இந்தத் தாராளத்துக்கு இடம் தராது. அதன் உயர் அழுத்தப் பம்பும் இன்ஜெக்டர்களும் தண்ணீர் கலந்த டீசலைத் தாங்கா. அவற்றின் விலையும் சாதாரண நாசில்களின் விலை அன்று. ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை உடன் அழைத்துச் சென்று பதிவான பிழைகளைப் படிக்கச் செய்து, ஒவ்வோர் இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலின் அளவை ஒப்பிடச் சொல்ல வேண்டும். டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, அதன் ஷாஃப்டை விரலால் அசைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஆயில் குளம்போல் நின்றால் சீல் போய்விட்டது. அந்த நிலையில் எஞ்சின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடக்கூடும்.

பிரேக்கையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளலாம். டீசல் எஞ்சினில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தைத் தனிப் பம்பு உண்டாக்குகிறது. பல இந்திய வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்னால் ஒட்டியிருக்கும். அது தளர்ந்தால் பிரேக் பெடல் கல்லாகிவிடும். எஞ்சின் ஓடும்போது நான்கைந்து முறை தொடர்ந்து மிதித்துப் பார்த்தால் உண்மை வெளிவரும்.

விலையும் முதல் வேலைகளும்

கையிலுள்ள தொகை முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்துக்கு ஏற்ற வண்டியைத் தேடுவதே என் பரிந்துரை. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். தரையைப் பிடிக்கும் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஏழெட்டு ஆண்டு கடந்த டயர்கள் ஐந்தையும் மாற்றும் செலவு அந்த ஒதுக்கீட்டிலிருந்துதான் வரும்.

வாங்கிய வாரத்திலேயே எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல் என ஐந்து இடங்களின் ஆயிலையும் வடித்துவிட வேண்டும். வடித்த ஆயிலை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தால், பால்நிறம் தண்ணீர் புகுந்ததையும், மின்னும் தூள் பேரிங் தேய்வதையும், விரலில் அகப்படும் துண்டுகள் பல் உடைந்ததையும் சொல்லும். ஆக்சில்களின் மேலுள்ள சிறிய காற்றுக்குழாய் அடைத்திருந்தால், சூடான ஆக்சில் ஓடையில் இறங்கிக் குளிர்ந்ததும் சீல் வழியே தண்ணீரை உள்ளே உறிஞ்சும். ஒரு முழம் ரப்பர் குழாயை மாட்டி அதை உயரே கொண்டுபோய்க் கட்டிவிடுவது சில நூறு ரூபாய் வேலை. எஞ்சின் காற்றை இழுக்கும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். டீசல் எஞ்சினுக்குள் ஒரு கோப்பைத் தண்ணீர் போனாலும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும் என்பதால், அந்த வாய்க்கு நன்றாகக் கீழே உள்ள ஓர் அளவே அந்த வண்டி இறங்கக்கூடிய நீரின் எல்லை. முன்னும் பின்னும் சேசிஸோடு நேராக போல்ட் செய்யப்பட்ட இழுகொக்கி இல்லையென்றால் அதையும் பொருத்திய பிறகே பாதையில் இறங்கலாம். காப்புக் காட்டுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி தேவை என்பது புது வண்டிக்கும் பழைய வண்டிக்கும் பொது.